பழைய கார், குறைந்த பணம்: வாங்கலாமா? இயற்பியலைக் கேட்போம்

எஸ்பிஎம் தேர்வு நெருங்க நெருங்க, படிவம் 5 வகுப்பில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஒன்று, "சார், தேர்வில் எது வரும்?" மற்றொன்று, "சார், எட்டாயிரம் வெள்ளிக்கு ஓட்டுவதற்கு ஜாலியான பழைய கார் கிடைக்குமா?" முதல் கேள்விக்கு எந்த ஆசிரியரிடமும் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு உண்டு. அந்தப் பதிலில் பெரும்பகுதி நீங்கள் படிக்கும் இயற்பியல், வேதியியல் நூல்களிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் 16 வயதில் மோட்டார்சைக்கிள் உரிமமும் 17 வயதில் கார் உரிமமும் எடுக்கலாம். செமோர் போன்ற ஊரில் இது வெறும் ஆசை மட்டுமல்ல. ஈப்போ நகரம் இங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தாசேக் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தாலும், உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தாலும், தினமும் போய்வர ஒரு வண்டி வேண்டும். தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமானில் குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலும் முதலில் வாங்குவது கப்சாய் மோட்டார்தான். ஆனால், நம் சாலைகளில் விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். அதனால்தான், "கொஞ்சம் கஷ்டப்பட்டாவது பழைய கார் ஒன்று எடுத்துக் கொடுத்துவிடலாம்" என்று அம்மா நினைக்கிறார். "எடுப்பதுதான் எடுக்கிறோம், ஓட்டினால் மனசுக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டுமே" என்று நீங்கள் நினைக்கிறீர்கள்.

இரண்டுமே நியாயமான எண்ணங்கள். இரண்டும் ஒரே காரில் பொருந்துமா என்று பார்ப்போம்.

ஜாலி என்பது வேகமா?

கேபிள் காரிலோ விமானத்திலோ போயிருக்கிறீர்களா? விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போதும் உள்ளே இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். காரணம், நம் உடலால் வேகத்தை உணர முடியாது. வேகம் மாறுவதைத்தான் உணர முடியும். அதற்குப் பெயர் முடுக்கம். உங்கள் பாடநூலில் அது 'பெச்சுத்தான்'. நம் காதின் உட்பகுதியில் உள்ள திரவம் நிறைந்த குழாய்களும் நுண்ணிய கற்களும் இந்த மாற்றத்தைத்தான் மூளைக்குச் சொல்கின்றன.

வேகம் கூடினால் மட்டும் முடுக்கம் உண்டாவதில்லை. திசை மாறினாலும் முடுக்கம்தான். வளைவில் செல்லும் காரின் முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 10 மீட்டரில் திரும்புகிறீர்கள். முடுக்கம் 100 ÷ 20 = 5. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பாதி! நேரான நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஒரே சீராகப் போனால் முடுக்கம் எவ்வளவு? பூஜ்யம்.

ஆகவே, ஜாலிக்கு அசுர வேகம் தேவையில்லை. சொன்னபடி திரும்பும் ஸ்டீயரிங், மிதித்தவுடன் பதில் சொல்லும் பெடல், கைக்கு அடக்கமான சிறிய கார் ஆகியவை இருந்தால், சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே அந்த மகிழ்ச்சி கிடைத்துவிடும்.

ஆனால், அதே வளைவில் 36-க்குப் பதிலாக 50 கிலோமீட்டரில் போனால் என்ன ஆகும்? முடுக்கம் 9.6 ஆகிவிடும். கூடியது 14 கிலோமீட்டர்தான். முடுக்கமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாதாரண காரின் டயரால் அவ்வளவு விசையைத் தாங்கிப் பிடிக்க முடியாது. கார் வளைவை விட்டு வெளியே வழுக்கும். மகிழ்ச்சிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே உள்ள தூரம் இவ்வளவுதான்.

எடை குறைந்தால் எல்லாம் குறையும்

இன்ஜினின் திறன் மட்டும் ஒரு காரைச் சுறுசுறுப்பாக்காது. அந்தத் திறன் எவ்வளவு எடையை இழுக்க வேண்டும் என்பதே கேள்வி. நியூட்டனின் இரண்டாம் விதி சொல்வது இதைத்தான்: விசை ஒன்றே என்றால், நிறை குறையக் குறைய முடுக்கம் கூடும்.

1994-இல் வந்த பெரொடுவா கஞ்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சருகுமானின் பெயரைக் கொண்ட அந்தக் குட்டிக் காரில் 660 சிசி இன்ஜின், மூன்றே சிலிண்டர்கள், திறன் ஏறக்குறைய 31 குதிரைத்திறன். எடையோ முக்கால் டன்னுக்கும் குறைவு. 2009 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் கார் இன்றும் செமோர் சந்தைப் பக்கம் காய்கறி ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

மறுபக்கம், 1998-இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1,834 சிசி இன்ஜின், ஏறக்குறைய 140 குதிரைத்திறன், எடை ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும். பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் 1996-இல் வாங்கியிருந்தது. சாலையில் அந்தக் கார் நடந்துகொள்ளும் விதத்தைச் செதுக்கியவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். லோட்டஸைத் தொடங்கிய கோலின் சாப்மன், காரின் எடையைக் குறைப்பதையே தம் பொறியியலின் அடிப்படையாக வைத்திருந்தவர். மலேசிய இளைஞர்கள் இன்றும் தேடி அலையும் பழைய கார்களில் இது ஒன்று.

இங்கே ஒரு கணக்கு உங்களுக்குப் பயன்படும். 'அ' என்ற காரின் எடை 1,400 கிலோ, திறன் 70 கிலோவாட். 'ஆ' என்ற காரின் எடை 800 கிலோ, திறன் 40 கிலோவாட். இரண்டிலும் ஒரு கிலோவுக்கு 50 வாட்தான். முடுக்கம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், 'ஆ' காருக்கு டயர் சிறியது, பிரேக் சிறியது, பெட்ரோல் குறைவு, சாலை வரியும் குறைவு. குறைந்த பணத்தில் ஜாலி வேண்டும் என்பவர் பெரிய இன்ஜினைத் தேடக் கூடாது. குறைந்த எடையைத் தேட வேண்டும்.

நான்கு உள்ளங்கை ரப்பர்

காரைச் சாலையோடு இணைப்பது நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். திரும்புவது, நிற்பது, முன்னே பாய்வது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

நம் தாத்தா பாட்டி இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வெட்டிய பால், காய்ந்து ரப்பரான பிறகும் அப்படியே டயராகிவிடாது. வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துவிடும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அதற்கு வழி கண்டார். நீண்ட ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்கள் பாலம் போடுகின்றன. அதனால் ரப்பர் இழுத்தாலும் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வேதியியல் பாடத்தில் 'பெம்வல்கானான்' என்று படித்திருப்பீர்கள்.

ஆனால், அந்தப் பாலங்களும் சங்கிலிகளும் நிரந்தரமல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் அவற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. டயர் இறுகி, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். இது ஓடாமல் நிற்கும் காரிலும் நடக்கும். அதனால், "டயர் பூ இன்னும் நல்லா இருக்கு" என்று விற்பவர் சொன்னால் போதாது. டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் 'டி ஓ டி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

பூவின் ஆழமும் முக்கியம். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பூ அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். பெய்தால் கொட்டித் தீர்க்கும் ஈப்போ மழையில், பள்ளம் இல்லாத டயரால் தண்ணீரை ஒதுக்க முடியாது. டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

எண்களில் பாருங்கள். காய்ந்த சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டரில் பிரேக் பிடித்தால் கார் ஏறக்குறைய 40 மீட்டரில் நிற்கும். ஈரச் சாலை, தேய்ந்த டயர், உராய்வுக் கெழு 0.4 என்றால் 80 மீட்டர். நீங்கள் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க எடுக்கும் ஒரு விநாடியில் கார் ஓடிவிடும் 25 மீட்டரையும் இதோடு சேருங்கள். முன்னே சொன்ன அதே 20 மீட்டர் வளைவில், இந்த டயரோடு 32 கிலோமீட்டருக்கு மேல் போனாலே கார் வழுக்கும்.

இன்னொரு ரப்பர் இன்ஜினுக்குள் ஒளிந்திருக்கிறது. பல பழைய இன்ஜின்களில், வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை ஒரு பல்வைத்த ரப்பர் பெல்ட் கட்டுப்படுத்தும். அதுதான் டைமிங் பெல்ட். கஞ்சிலிலும் சத்ரியா ஜிடிஐயிலும் பெல்ட்தான். 2005-இல் வந்த மைவியில் உலோகச் சங்கிலி. பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது திறந்தே இருக்கும் வால்வைப் போய் இடிக்கும். ஒரு ரப்பர் வார் அறுந்ததற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். "பெல்ட் எப்போது மாற்றினீர்கள்? ரசீது இருக்கிறதா?" என்று கேட்க மறக்காதீர்கள்.

கேமரன் மலையும் பிரேக்கும்

கையில் புதிதாகக் கார் வந்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் போக நினைக்கும் இடம் எது? சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை! வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலை உண்மையிலேயே அழகுதான். ஆனால், இறங்கும்போது என்ன நடக்கிறது என்று கணக்கிடுங்கள்.

பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கீழே வரும்போது 1,400 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ எடையுள்ள காரின் நிலையாற்றல் 1,000 × 9.81 × 1,400, அதாவது ஏறக்குறைய 13.7 மெகாஜூல் குறையும். அதே கார் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 0.31 மெகாஜூல்தான். ஆகவே, மலையிலிருந்து இறங்குவது என்பது, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரை 44 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடையும் டயரின் தடையும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எல்லாம் பிரேக்கிலேயே போட்டால், அது வெப்பமாக மாறும். பிரேக் திரவம் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் அதன் கொதிநிலை குறையும். வெப்பத்தில் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், பெடலை மிதிக்கும்போது குமிழ்தான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. திரவத்தை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம் என்று படிவம் 1-இல் படித்தது இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளான செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். காரணம் இதே வெப்பம்தான். இறக்கத்தில் கீழ்க் கியருக்கு மாற்றினால் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும். பழைய கார் வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, பிரேக் திரவத்தை மாற்றுவது. பெரிய செலவில்லை.

பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒரு சிறு காந்தம், ஒரு டார்ச்லைட், ஒரு வெள்ளைத் துணி, கூடவே நம்பிக்கையான ஒரு போமன். போமனுக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவில்லை. பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். ஈரம் பட்ட வண்ணம் பளபளக்கும், நசுங்கல் தெரியாது.

1. காந்தச் சோதனை. காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவு, சக்கரத்தின் மேற்பகுதி, பின்பக்கம் என்று மெல்ல நகர்த்துங்கள். எஃகுத் தகட்டில் காந்தம் நன்றாக ஒட்டும். அடிபட்ட இடத்தில் புட்டி பூசி வண்ணம் அடித்திருந்தால், அங்கே பிடிப்பு குறையும். சில கார்களில் பம்பர் போன்ற பகுதிகள் பிளாஸ்டிக்தான். அங்கே ஒட்டாததை வைத்துப் பயப்பட வேண்டாம்.

2. குளிர்ந்த இன்ஜின். "நாங்கள் வரும் முன் இன்ஜினை முடுக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உலோகம் சுருங்கி இருக்கும். பாகங்களுக்கு இடையே இடைவெளி அதிகம். எண்ணெயும் கெட்டியாக இருக்கும். தேய்ந்த இன்ஜின் தன் சத்தத்தை அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

3. புகையின் நிறம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை நீராவி இயல்பு. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் பால் கலந்த காப்பி போல் இருந்தால், எண்ணெயும் நீரும் கலந்து பால்மம் ஆகியிருக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

4. வெள்ளத்தில் மூழ்கிய காரா? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுவாசலில் நின்ற கார்கள் மூழ்கிய காட்சி நினைவிருக்கலாம். மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்பவர்கள் உண்டு. இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; உள்ளே சேற்றுக் கோடு தெரியும். இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பின் கீழ் மண்வாடை ஆகியவையும் சாட்சி சொல்லும்.

5. மாற்றிக் கட்டிய கார். ஜாலியான பழைய கார்களில் பெரும்பாலானவற்றை யாராவது ஏற்கெனவே கை வைத்திருப்பார்கள். காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லை அறுத்திருந்தால், சுற்றுகள் குறைந்த வில் இன்னும் விறைப்பாகும். டயர் குழிகளில் குதித்து, சாலையைவிட்டுத் தூக்கும். தொடாத காருக்கே முதலிடம் கொடுங்கள்.

பெயர் மாற்றத்திற்கு முன் கார் பி5 சோதனைக்குப் போக வேண்டும். சேசிஸ் எண், இன்ஜின் எண் போன்றவை அங்கே சரிபார்க்கப்படும். அதில் தேறியது என்பதற்காக இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.

விலை வேறு, செலவு வேறு

கையில் எட்டாயிரம் வெள்ளி இருந்தால் எட்டாயிரத்துக்குக் கார் பார்ப்பதுதான் பலரும் செய்யும் வேலை. தீபகற்பத்தில் சாலை வரியை மட்டும் பாருங்கள். 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 1.3 லிட்டர் மைவிக்கு 70 வெள்ளி. 1,834 சிசி சத்ரியா ஜிடிஐக்கு 297 வெள்ளி. 3,000 சிசி காருக்கு 2,130 வெள்ளி! பழைய சொகுசுக் கார்கள் சில நேரம் சின்னக் காரின் விலைக்கே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்குவது எளிது; வைத்துக்கொள்வது கடினம்.

காப்புறுதியில், விபத்து கோராமல் ஓட்டிய ஆண்டுகளுக்கேற்ப 55 விழுக்காடு வரை கழிவு உண்டு. அந்தக் கழிவு காருக்கு அல்ல, ஆளுக்கு. புதிதாகத் தொடங்குபவருக்குக் கழிவு பூஜ்யம். 21 வயதுக்குக் குறைந்தவரோ, 'பி' உரிமம் வைத்திருப்பவரோ ஓட்டும்போது விபத்து நடந்தால், பெரும்பாலான காப்புறுதிகளில் முதல் 400 வெள்ளியை நீங்களே கட்ட வேண்டும். 18 வயது நிறையாதவர் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. ஆகவே, 17 வயதில் நீங்கள் ஓட்டும் கார் பெரும்பாலும் அப்பாவின் பெயரிலோ அம்மாவின் பெயரிலோதான் இருக்கும். சம்மனும் அவர்கள் பெயருக்கே வரும்.

கடன் வாங்கினால் வட்டியைக் கவனியுங்கள். 10,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு, 5 ஆண்டு என்று ஒருவர் சொல்கிறார். முழுத்தொகைக்கும் ஒரே சீராக வட்டி போட்டால், வட்டி 2,000. மாதம் 200 வெள்ளி, 60 மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், நீங்கள் மாதாமாதம் கடனைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டி மட்டும் குறையவில்லை. குறையும் பாக்கிக்கு வட்டி என்று கணக்குப் போட்டால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 7.4 விழுக்காடு. "எந்தத் தொகைக்கு வட்டி?" என்ற ஒரு கேள்வி போதும்.

எட்டாயிரத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: காருக்கு 5,000, வாங்கியவுடன் மாற்ற வேண்டிய டயர், பெல்ட், எண்ணெய், பிரேக் திரவத்துக்கு 1,000, காப்புறுதி, சாலை வரி, பெயர் மாற்றத்துக்கு 1,000, எதிர்பாராத பழுதுக்குத் தொடாமல் வைக்க 1,000. உங்கள் காருக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால், நான்கு பெட்டிகளில் எதையும் காலியாக விடாதீர்கள்.

மலிவான காரா, ரசீதுள்ள காரா?

நிகழ்தகவுப் பாடத்தை இங்கே பயன்படுத்தலாம். ஒரு கார் 5,000 வெள்ளி; பராமரிப்பு ரசீதுகள் இருக்கின்றன. பெரிய பழுது வர 10-இல் 1 வாய்ப்பு என்று போமன் மதிப்பிடுகிறார். இன்னொன்று 4,000 வெள்ளி. ரசீது எதுவும் இல்லை. வாய்ப்பு 10-இல் 3. பெரிய பழுதுக்கு 3,000 வெள்ளி ஆகும் என்று கொள்வோம். சராசரிச் செலவு முதல் காருக்கு 5,000 + 300 = 5,300. இரண்டாவதற்கு 4,000 + 900 = 4,900.

இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றுகிறதா? நூறு கார் வாங்கி விற்கும் வியாபாரிக்கு அது உண்மை. சிலவற்றில் நட்டம் வந்தாலும், மற்றவற்றில் ஈடு கட்டிவிடுவார். நீங்கள் வாங்கப்போவது ஒரே ஒரு கார். பழுது வந்தால் 900 வெள்ளி செலவாகாது, 3,000 செலவாகும். அப்படிப்பட்ட காரை 10 பேர் வாங்கினால், அவர்களில் 3 பேர் வாசலில் ஓடாத காரையும் கையில் காலிப் பையையும் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகப் பக்கத்து வீட்டு மோட்டாரை இரவல் கேட்டு நிற்பார்கள். இழப்பைத் தாங்கும் பணம் இல்லாதவர் சராசரியை நம்பக் கூடாது. ரசீதுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம் வெள்ளி நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

பழைய கார் பாதுகாப்பானதா?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார்சைக்கிளைவிட, சுற்றிலும் இரும்புக் கூடும் இருக்கை வாரும் உள்ள கார் மேல். ஆனால், பழைய காரும் புதிய காரும் ஒன்றல்ல. மணிக்கு 54 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 15 மீட்டரில் போகும் 60 கிலோ மனிதரின் உந்தம் 900. அவர் இருக்கை வாரில் 0.1 விநாடியில் நின்றால், உடல் தாங்க வேண்டிய விசை 9,000 நியூட்டன். வார் போடாமல் முன்பலகையில் மோதி 0.01 விநாடியில் நின்றால் 90,000 நியூட்டன். வார், காற்றுப்பை, நசுங்குமாறு வடிவமைத்த முன்பகுதி ஆகிய மூன்றும் செய்வது ஒரே வேலை: நிற்கும் நேரத்தைக் கூட்டுவது.

கஞ்சிலில் காற்றுப்பை இல்லை. ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. ஏபிஎஸ் இல்லாத காரில் பதற்றத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே வழுக்கும். ஆகவே, இரண்டு கார்கள் ஒரே விலையில் கிடைத்து, ஒன்றில் இந்த இரண்டும் இருந்தால், அலங்கார ரிம்மையும் சத்தமான புகைக்குழாயையும் மறந்துவிட்டு அதை எடுங்கள். இல்லாத காரை எடுத்தால், அதன் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. 60-க்குப் பதில் 90-இல் மோதினால் ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, 2.25 மடங்கு.

அப்படியானால் முடிவு?

நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கார் இலகுவானதா, தொடாததா? டயர், பெல்ட், பிரேக் இவற்றின் வயது தெரியுமா? காரை வாங்கிய பிறகு மூன்று பெட்டிகளிலும் பணம் மீதி இருக்கிறதா? நாளை கார் நின்றுவிட்டால் குடும்பச் செலவு நிற்காமல் நடக்குமா? நான்குக்கும் 'ஆம்' என்றால் வாங்குங்கள். ஜாலியாக ஓட்டுங்கள், அது தவறில்லை. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் மூன்று மாதம் பொறுத்து, பணத்தைச் சேர்த்து, வேறு கார் பாருங்கள். பழைய கார்கள் எங்கும் ஓடிவிடாது.

இந்த வாரம் செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள காரின் அல்லது மோட்டாரின் டயர்களில் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்து, ஒவ்வொன்றின் வயதையும் கணக்கிடுங்கள். உதிரி டயரையும் விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் அதுதான் மிகவும் வயதானதாக இருக்கும். பிறகு 1.6 மில்லிமீட்டர் மேட்டைத் தேடி, பூ எவ்வளவு மீதியிருக்கிறது என்று அளந்து, அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். உங்களிடம் கார் சாவியைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே!